வேப்பேரியில் ஒரு போதகர்: பப்ரிசியஸ் ஐயரின் வாழ்வும் தமிழும்

தமிழ் அகராதி வரலாற்றைப் பயில்வோர் யோகான் பிலிப் பப்ரிசியஸ் என்னும் பெயரை அறிவர். 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதிக்கும் 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதிக்கும் இடைப்பட்ட நெடுங்காலத்தில், 1779இல் வேப்பேரியில் அச்சான பப்ரிசியஸின் தமிழ் – ஆங்கில அகராதி ஒரு மைல்கல்லாக நிற்கிறது. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பின் வரலாற்றைப் பயில்வோரும் அவரை அறிவர். லுத்தரன் திருச்சபையினர் தலைமுறை தலைமுறையாகப் பொன் மொழிபெயர்ப்பு எனப் போற்றி வந்தது அவருடைய மொழிபெயர்ப்பையே ஆகும்.

ஆயினும் அகராதியாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் அவரை நாம் அறிந்த அளவிற்குப் போதகராக அறிந்தோம் என்று கூற இயலாது. அவர் தம்மை முதன்மையாக எண்ணியது போதகராகவே. ஞானஸ்நானம் கொடுப்பதும், நோயுற்றோரைக் காண்பதும், இறந்தோரை அடக்கம் செய்வதும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் கேட்பதும் அவருடைய அன்றாடப் பணிகள். மொழிபெயர்ப்பும் அகராதியும் அப்பணிகளுக்கு இடையே, அப்பணிகளுக்காகவே எழுந்தவை. இவ்வுண்மையை மனத்திற்கொண்டு நோக்கினால் அவருடைய தமிழும் வேறொரு வெளிச்சத்தில் தோன்றும். அவருடைய முதுமையில் நேர்ந்த பெருந்துன்பமும் வேறொரு பொருள் தரும். அத்துன்பத்தையும் மறையாது கூறுவதே அப்பெரியாருக்கு நாம் செய்யும் மரியாதை என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஹாலே நகரம் தந்த கல்வி

பப்ரிசியஸ் 1711ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகருக்கு வடக்கேயுள்ள கிளேபெர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். அக்காலத்தில் ஜெர்மானிய லுத்தரன் திருச்சபைக்குள் பயபக்தி இயக்கம் என்னும் மறுமலர்ச்சி பரவியிருந்தது. சமயக் கோட்பாட்டை வாயளவில் ஒப்புக்கொள்வது மட்டும் போதாது, அது அன்றாட வாழ்வில் வெளிப்பட வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் உயிர்க்கருத்து. அதன் தலையாய நிலையமாக ஹாலே நகரம் விளங்கியது. ஆகஸ்ட் எர்மன் பிராங்கே என்னும் பேராசிரியர் அங்கே அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லம், பள்ளிகள், மருந்தகம், அச்சகம் ஆகியவற்றை ஒரே வளாகத்தில் உருவாக்கியிருந்தார். வேண்டுதலும் வேலையும் அங்கே இருவேறு செயல்களாகக் கருதப்படவில்லை.

தமிழகத்திற்கு முதன்முதலாக வந்த சீர்திருத்தத் திருச்சபைத் தொண்டர்களான சீகன்பால்கும் புளுட்சோவும் அம்மரபின் வழி வந்தவர்களே. டென்மார்க்கு அரசர் நான்காம் பிரெடரிக்கின் ஆதரவில் அவர்கள் 1706இல் தரங்கம்பாடியில் கால் வைத்தனர். சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அங்கே அச்சேறி முடிந்தது. அவ்வழியைப் பின்பற்றி, ஏறத்தாழ முப்பது வயதினராக, 1740இல் பப்ரிசியஸ் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். அதன்பின் அரை நூற்றாண்டு இந்நாட்டிலேயே வாழ்ந்தார். ஒருமுறையேனும் தாயகம் திரும்பினாரில்லை.

சென்னையில் ஏற்ற பொறுப்பு

சென்னையில் 1728இல் பெஞ்சமின் சூல்ட்சே என்பவர் ஒரு திருச்சபைப் பணியைத் தொடங்கியிருந்தார். சீகன்பால்கு முடிக்காது விட்டுச்சென்ற பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை முடித்தவர் அவர், தெலுங்கிலும் உழைத்தவர். அவருடைய ஊக்கம் பெரிது. எனினும் அவருடைய தமிழ் செவிக்கு இனியதாக அமையவில்லை என்பதை உடன்பணியாளர்களே உணர்ந்திருந்தனர். உடல்நலம் குன்றி அவர் தாயகம் திரும்ப முற்பட்டபோது, அவ்விடத்திற்குப் பப்ரிசியஸ் அனுப்பப்பெற்றார். 1742ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக்கு வந்தார்.

அவரை ஏற்ற சபை செல்வமும் செல்வாக்கும் உடையதன்று. சிப்பாய்களின் குடும்பத்தார், வீட்டு வேலை செய்வோர், கூலித்தொழிலாளர் ஆகிய எளிய மக்களே அதில் பெரும்பான்மையினர். தமிழ் பேசுவோரோடு போர்த்துக்கேயம் பேசும் கலப்பினத்தாரும் இருந்தனர். பணிக்குப் பொருளுதவி செய்தது இலண்டனிலிருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம்; எஸ்.பி.சி.கே. எனச் சுருக்கமாக அழைக்கப்பெறுவது அதுவே. போதகர் ஜெர்மானியர், பணம் ஆங்கிலேயருடையது, சபை தமிழருடையது. இம்மூன்றுக்கும் நடுவே நின்று கணக்கு எழுதுவதும், கடிதம் எழுதுவதும், அறநெறி கூறுவதும் ஒருவரே செய்ய வேண்டியிருந்தது. 1749இல் பிரைட்டாப்ட் என்பவர் துணையாக வந்து, 1782இல் மறையும்வரை உடனுழைத்தார்.

தமிழ்க் கிறித்தவர்கள் தம் போதகரை ஐயர் என்று அழைக்கும் வழக்கம் நாமறிந்ததே. தலைவன், பெரியோன் என்னும் பொருளுடைய பழஞ்சொல் அது. அச்சொல்லின் பின்னே ஓர் எதிர்பார்ப்பும் உண்டு. சபையார் தம் மனக்குறையை மட்டுமன்றித் தம் கைப்பொருளையும் ஐயரிடம் ஒப்படைக்கத் தயங்குவதில்லை. பப்ரிசியஸின் வாழ்வில் இந்நம்பிக்கை எவ்வாறு சுமையாக மாறியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

போரும் இடப்பெயர்வும்

பப்ரிசியஸ் சென்னைக்கு வந்து நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள், 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். சபை சிதறியது. பப்ரிசியஸ் தம்மோடு வந்தவர்களுடன் வடக்கே ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த பழவேற்காட்டிற்குச் சென்று தங்கினார். ஐரோப்பாவில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி 1749இல் சென்னை மீண்டும் ஆங்கிலேயரிடம் வந்தபோது, வழிபாட்டிற்கு இடமின்றி நின்ற சபைக்கு வேப்பேரியில் ஒரு தேவாலயம் கிடைத்தது.

அத்தேவாலயத்தின் வரலாறு எண்ணிப்பார்க்கத்தக்கது. அதனைக் கட்டியவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர். அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் பாலமும், பரங்கிமலையில் படிகளும் அமைத்த கொடையாளர் அவரே. கத்தோலிக்கத் துறவியரின் பயன்பாட்டில் அவ்வாலயம் இருந்தது. அத்துறவியர் பிரெஞ்சுக்காரருக்குச் சார்பானவர்கள் என்று ஐயுற்ற ஆங்கில ஆட்சியினர் அதனைப் பறித்துப் பப்ரிசியஸின் சபைக்கு வழங்கினர். போரினால் தம் இடத்தை இழந்தவர், போரினாலேயே பிறருடைய இடத்தைப் பெற்றார். வரலாறு தூயவர்களையும் இவ்வாறு தன் சிக்கல்களில் பிணைத்துவிடுகிறது. இன்று அவ்விடத்தில் புனித மத்தியா ஆலயம் நிற்கிறது.

துன்பம் அத்துடன் முடியவில்லை. 1758இன் இறுதியில் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோது, கோட்டைக்கு வெளியே கிடந்த வேப்பேரி சூறையாடப்பட்டது. பப்ரிசியஸ் இரண்டாம் முறையாகப் பழவேற்காட்டை நாடினார். 1767இல் ஐதர் அலியின் குதிரைப்படை சென்னையின் புறநகர்களை வந்து தாக்கியது. 1780இல் ஐதர் கருநாடகப் பகுதிக்குள் பெரும்படையுடன் புகுந்தபின் சுற்றுப்புற ஊர்களிலிருந்து மக்கள் திரள்திரளாகச் சென்னைக்கு ஓடிவந்தனர்; பஞ்சம் பின்தொடர்ந்தது. எழுபது வயதை எட்டிய போதகர் அவலங்களுக்கு நடுவே மீண்டும் நிற்க வேண்டியவரானார்.

அவருடைய மொழிபெயர்ப்பை அமைதியான ஒரு நூலகத்தில் அமர்ந்து எழுதியதாகக் கற்பனை செய்துகொள்வது எளிது. உண்மை அதுவன்று. கையெழுத்துப் படிகளை எங்கே பாதுகாப்பது என்ற கவலையோடு, அடுத்த ஆண்டு இவ்வீடு இருக்குமா என்ற ஐயத்தோடு எழுதப்பெற்ற தமிழ் அது.

சொல்லைத் தேடிய ஆண்டுகள்

பழைய மொழிபெயர்ப்பைச் சிறிது திருத்தலாம் என்ற எண்ணத்துடனேயே பப்ரிசியஸ் தொடங்கினார். திருத்தப் புகுந்தபோது அது திருத்தத்தில் அடங்காது என்பதை உணர்ந்து, எபிரேய, கிரேக்க மூலங்களை வைத்துக்கொண்டு புதிதாகவே மொழிபெயர்க்கலானார். புதிய ஏற்பாடு 1772இல் வேப்பேரியில் அச்சேறியது. பழைய ஏற்பாடு 1777 தொடங்கிப் பகுதி பகுதியாக அச்சாகி 1796இல் முற்றுப்பெற்றது. அதன் நிறைவைக் காண அவர் உயிருடன் இல்லை.

ஒரு நூலுக்காக இத்துணை ஆண்டுகள் ஏன்? அன்றைய தமிழ் உரைநடையின் நிலையை நோக்கினால் விடை கிடைக்கும். இலக்கியம் எனப்பட்டது செய்யுள். உரைநடை என்பது பெரும்பாலும் உரையாசிரியர்களின் நடை. கற்றோருக்குக் கற்றோர் எழுதியது. மறுபுறம், புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில் காணப்படுவது போன்ற பேச்சுநடை இருந்தது. அது வணிகத்திற்கும் செய்திக்கும் ஏற்றது. எளியவருக்கு விளங்கவும் வேண்டும், வழிபாட்டில் உரக்கப் படிக்கும்போது மாண்பு குன்றாதிருக்கவும் வேண்டும் என்றால், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நடை ஒன்று தேவை. அந்நடையைத் தேடித் தேடியே அவர் ஆண்டுகளைச் செலவிட்டார்.

அதற்கு அவர் கைக்கொண்ட முறை குறிப்பிடத்தக்கது. மொழிபெயர்த்த பகுதிகளைத் தமிழறிந்தோரிடமும் எளிய மக்களிடமும் படித்துக்காட்டி, விளங்குகிறதா, வழக்கிற்கு ஒத்திருக்கிறதா என்று கேட்டுத் திருத்தினார். திருத்தியதை மறுபடியும் திருத்தினார். தமிழ் உதவியாளர்களின் செவியும் நாவும் இல்லாமல் அப்பணி நடந்திருக்க முடியாது. ஐரோப்பியத் தொண்டர் ஒருவரின் பெயரால் வழங்கும் நூல்களில் எல்லாம் இவ்வாறு பல தமிழரின் உழைப்பு கலந்திருப்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். அதே வேளையில், கேட்டுத் திருத்திக்கொள்ளும் பணிவு எல்லார்க்கும் எளிதில் வாய்ப்பதன்று. ஒரு மொழியைக் கற்றபின் அம்மொழியினருக்கே கற்பிக்கத் துணிவோர் பலர். இறுதிவரை அம்மொழியினரிடம் மாணவராக இருந்தவர் பப்ரிசியஸ்.

இப்பணிவுக்கு அவருடைய போதகப் பணியே காரணம் எனலாம். நூலகத்திற்காக மொழிபெயர்ப்பவர் ஒரு சொல் கடினமாக இருந்தால் அடிக்குறிப்பு எழுதி அமைதியடையலாம். போதகர் அவ்வாறு செய்ய இயலாது. அவர் தேர்ந்த சொல்லை மறுநாளே ஒரு மரணப் படுக்கையின் அருகில் அவரே படிக்க வேண்டும். கேட்பவர் எழுத்தறியாத மூதாட்டியாக இருக்கலாம். அங்கே அடிக்குறிப்புக்கு இடமில்லை. சொல் அப்போதே விளங்க வேண்டும், ஆறுதலும் தர வேண்டும். இத்தகைய தேர்வில் நின்ற சொற்களையே அவர் நூலில் நிறுத்தினார்.

பராபரன் என்னும் பெயர்

இறைவனுக்கு அவர் ஆண்ட பெயர் ஒன்றே அவருடைய மொழியுணர்வுக்குச் சான்றாக அமையும். சீகன்பால்கு தம் மொழிபெயர்ப்பில் சருவேசுரன் என்னும் சொல்லைக் கையாண்டார். அது கத்தோலிக்கரிடையே முன்பே வழங்கியது. பப்ரிசியஸ் பராபரன் என்னும் சொல்லை ஆண்டார். பின்னர் வந்த இரேனியஸும் பெர்சிவலும் தேவன் என்றனர். அண்மைக்கால மொழிபெயர்ப்புகளில் கடவுள் என்னும் சொல் இடம்பெற்றுள்ளது.

பராபரன் என்பது மேலானவற்றுக்கும் மேலானவன் என்ற பொருளில் தமிழ்ச் சமய இலக்கியத்தில் வேரூன்றிய சொல். அந்நூற்றாண்டிலேயே வாழ்ந்த தாயுமானவரின் பராபரக்கண்ணியைத் தமிழர் யாவரும் அறிவர். சைவ அடியார் ஒருவர் உருகி விளித்த அதே பெயரால் வேப்பேரிப் போதகரும் தம் இறைவனை விளித்தார். உருவமோ, துணையோ, புராணக் கதையோ சாராத பெயர் என்பதால் அது அவருக்குப் பொருத்தமாகத் தோன்றியிருக்கலாம். காரணம் எதுவாயினும், இந்நாட்டார் தம் நெஞ்சில் ஏற்கெனவே பேணிவந்த ஒரு சொல்லைக் கடன் பெற்றே அவர் தம் வேதத்தைத் தமிழாக்கினார் என்பது சமயங்களின் உறவை ஆராய்வோர் நின்று நோக்க வேண்டிய செய்தி.

பாட்டும் அச்சும் அகராதியும்

ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் பலவற்றைப் பப்ரிசியஸ் தமிழாக்கினார். மூலத்தின் சந்தத்தையே காத்து, பழைய மெட்டிலேயே பாடுமாறு அமைத்தார். தமிழ் யாப்பு வேறு, ஜெர்மானிய யாப்பு வேறு. ஆகவே அப்பாடல்கள் தமிழிசைக்குப் பழகிய செவிக்கு முதலில் அயலாகத் தோன்றும். பின்னாளில் தஞ்சை வேதநாயக சாத்திரியார் போன்றோர் தமிழ்ப் பண்ணிலும் தாளத்திலும் கீர்த்தனைகள் இயற்றி அக்குறையை நிறைவு செய்தனர். ஆயினும் லுத்தரன் ஆலயங்களில் பப்ரிசியஸின் பாடல்கள் வழக்கொழியவில்லை. பொருள் நெஞ்சில் தைத்தால் அயல் மெட்டும் காலப்போக்கில் சொந்தமாகிவிடும் போலும்.

அச்சகம் அவருக்குக் கிடைத்த வரலாறும் போரோடு தொடர்புடையது. 1761 சனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்த அச்சுப்பொறியைச் சென்னைக்குக் கொண்டுவந்தனர். கொண்டுவந்தவர்களுக்கு அதனை இயக்கத் தெரியவில்லை. அரசாங்க அச்சுவேலைகளை முதலில் செய்துதர வேண்டும் என்ற உடன்பாட்டின்பேரில் அது பப்ரிசியஸிடம் ஒப்படைக்கப்பட்டது. வேப்பேரி அச்சகம் இவ்வாறு தோன்றியது. சென்னையின் அச்சுத்தொழிலுக்கு அதுவே தொடக்கம்.

அவ்வச்சகத்திலிருந்து 1779இல் வந்த தமிழ் – ஆங்கில அகராதியில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் சொற்கள் இடம்பெற்றன. தரங்கம்பாடித் தொண்டர்கள் சீகன்பால்கு காலந்தொட்டுத் தொகுத்துவைத்த சொற்பட்டியல்கள் அதற்கு அடிப்படை. பப்ரிசியஸும் பிரைட்டாப்டும் அவற்றை விரித்தும் ஒழுங்குபடுத்தியும் அச்சேற்றினர். தமிழை மலபார் மொழி என ஐரோப்பியர் தவறாக அழைத்துவந்த காலம் அது. அகராதியின் முகப்பிலேயே, மலபார் என்று ஐரோப்பியர் கூறும் அம்மொழியின் பெயர் தமிழ் என்பது சுட்டப்பட்டது. ஆங்கிலம் – தமிழ் அகராதி 1786இல் வெளிவந்தது.

சதுரகராதி செந்தமிழ்ச் சொற்களுக்கு முதன்மை தந்தது. பப்ரிசியஸ் அகராதியோ தெருவிலும் வீட்டிலும் வழங்கும் தொடர்களுக்கும் இடமளித்தது. ஒரு தலைச்சொல்லை அடுத்து, அது பிற சொற்களோடு கூடி எவ்வெவ்வாறு பொருள் மாறுகிறது என்பதைக் காட்டும் முறை அதன் தனிச்சிறப்பு. பின்வந்த பதிப்புகளில் இப்பகுதி மேலும் விரிவுபெற்றது. தமிழைப் புதிதாகக் கற்க வந்த ஒருவர், ஒரு சொல்லின் அகராதிப் பொருளை மட்டும் அறிந்து உரையாடினால் நேரும் இடர்ப்பாடு என்ன என்பதைச் சபையாரிடையே வாழ்ந்தவர் நன்கறிவார். 1972இல் தரங்கம்பாடி லுத்தரன் பதிப்பகத்தின் வழி வந்த நான்காம் பதிப்பு இன்றும் மாணவர்க்குப் பயன்படுகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய எண்ம அகராதித் தொகுப்பில் அதனைக் கணினி வழியாகவும் தேடிப் பார்க்கலாம்.

நம்பிக்கையும் கடனும்

இனி, பப்ரிசியஸின் வரலாற்றை எழுதியோர் பலரும் விரைந்து கடக்கும் பகுதிக்கு வருவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சென்னை வட்டிப்பணத்தால் இயங்கிய நகரம். ஆற்காட்டு நவாபு முகமது அலி பட்ட கடன்கள் அக்காலத்தில் உலகறிந்தவை. கும்பினி அலுவலர்களும் வணிகரும் அவருக்குக் கடன் கொடுத்துப் பெரும் வட்டியை எதிர்நோக்கியிருந்தனர். அக்கடன்களைப் பற்றி 1785இல் இலண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க்கு நெடிய உரையாற்றும் அளவிற்கு அது பெருகியிருந்தது. பணமுடையோர் யாவரும் கடன் கொடுத்தனர். கொடுத்தது திரும்பும் என்று நம்புவதே உலக வழக்காக இருந்தது.

பாதுகாப்பான வங்கிகள் இல்லாத அந்நகரில் நேர்மைக்குப் பெயர் பெற்ற போதகரிடம் பணத்தைக் கொடுத்து வைப்பது மக்களுக்கு இயல்பாகப் பட்டது. ஐரோப்பாவிலிருந்து வரும் உதவிப்பணமோ கப்பலையும் போரையும் பொறுத்தது. இடைக்காலத்தில் பள்ளிகள் நடக்க வேண்டும், உபதேசிமார்க்கு ஊதியம் தர வேண்டும். கையிலுள்ள பணத்தை வட்டிக்குக் கொடுத்து அவ்வருவாயால் பணியை நடத்துவது ஏற்கத்தக்க ஏற்பாடாகக் கருதப்பட்டது. பப்ரிசியஸ் அவ்வாறே செய்தார். திருச்சபைப் பணமும் பிறர் நம்பிக் கொடுத்த பணமும் அவர் கை வழியாகக் கடனாகச் சென்றன. வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. கொடுத்தவர்கள் கேட்டபோது அவரிடம் பணம் இல்லை.

கடனைத் தீர்க்க இயலாதவரைச் சிறையில் வைக்க ஆங்கிலச் சட்டம் அன்று இடம் தந்தது. அரை நூற்றாண்டு அந்நகரில் போதகம் செய்தவர், அகராதி தந்தவர், வேதத்தைத் தமிழாக்கியவர், முதிய வயதில் கடனுக்காகச் சிறை புகுந்தார். 1788இல் கெரிக்கே என்பவர் சென்னைப் பணியின் பொறுப்பை ஏற்றார். பப்ரிசியஸ் 1791 சனவரி 23இல், எண்பதாம் பிறந்தநாளுக்கு மறுநாள், வறுமையில் மறைந்தார்.

இதனைச் சூழ்ச்சிக்காரர் சிலரால் நல்லவர் ஒருவர் ஏமாற்றப்பட்ட கதையாக மட்டும் கூறி முடித்துவிடலாம். அவ்வாறு கூறுவது அவர்மீது கொண்ட அன்பைக் காட்டும். முழு உண்மையைக் காட்டாது. அவர் தம் பணத்தை மட்டும் இழக்கவில்லை. அவரை நம்பியோரின் பணமும் போயிற்று. தனக்கென ஒன்றும் எடுத்துக்கொள்ளாத ஒருவரால்கூடப் பிறருக்கு இழப்பு நேரலாம் என்பதே இதில் கசப்பான பாடம். நல்ல எண்ணம் கணக்கேட்டின் இடத்தை நிரப்பாது. பொதுப்பணத்தைக் கையாளும் சமயத் தொண்டர், கல்வித் தொண்டர், இலக்கிய அமைப்பினர் யாவர்க்கும் இப்பாடம் உரியது.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. சொல்லை ஆளும்போது ஒரு சொல்லையும் சோதிக்காமல் ஏற்காதவர், பலரிடம் கேட்டுக் கேட்டுத் திருத்தியவர், பணத்தை ஆளும்போது அவ்வாறு கேட்டாரில்லை. மொழியில் தம் அறியாமையை அவர் அறிந்திருந்தார். அதனால் அங்கே வென்றார். பொருளாட்சியில் தம் அறியாமையை அறிந்திருக்கவில்லை. அதனால் இங்கே வீழ்ந்தார். இதில் இகழ்வதற்கு ஒன்றுமில்லை. நம்முள் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு துறையில் கவனமுடையவராகவும் மற்றொன்றில் கண்மூடியவராகவும் வாழ்கிறோம்.

அவருடைய விசுவாசம் அச்சிறைவாசத்தால் பொய்த்துப் போயிற்றா என்று கேட்போரும் உளர். ஹாலே மரபு கற்பித்தவாறு, விசுவாசம் அன்றாட வாழ்வில் சோதிக்கப்பட வேண்டியதென்றால், அச்சோதனையில் ஒருவர் தேறவும் கூடும், தவறவும் கூடும். தவறியபின்னும் அவர் தம் நாட்டிற்குக் கப்பலேறிவிடவில்லை என்பதை இங்குக் கருத வேண்டும். தம் சபையாரிடையே, தம்மை ஐயர் என்றழைத்தோரின் கண்முன்னே, அவமானத்தோடு இருந்து முடிந்தார். எளிய மக்களுக்கு அதுவும் ஒரு போதனையாக அமைந்திருக்கலாம்.

நின்றவை

பப்ரிசியஸ் மறைந்து ஐந்தாண்டுகளில் அவருடைய பழைய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரேனியஸ் புதிய நடையில் மொழிபெயர்க்க முற்பட்டபோது, வேதநாயக சாத்திரியார் பழைய நூலின் சார்பில் நின்று வாதாடினார். மக்கள் மனப்பாடமாக்கிக்கொண்ட சொற்களை மாற்றலாகாது என்னும் உணர்ச்சி அவ்வாதத்தின் அடியில் இருந்தது. இரண்டு தலைமுறைக்குள் ஓர் அயல்நாட்டாரின் மொழிபெயர்ப்பு, காக்கப்பட வேண்டிய தமிழ்ச் சொத்தாக மாறிவிட்டிருந்தது. பெர்சிவலின் மொழிபெயர்ப்பில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் துணைநின்றதும் அந்நூற்றாண்டிலேயே. இறுதியில் பவர் ஐயரின் தலைமையில் குழுவினர் 1871இல் முடித்த மொழிபெயர்ப்பு, பப்ரிசியஸின் நூலையே பெரிதும் அடியொற்றி எழுந்தது. இன்று தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளில் பரவலாகப் படிக்கப்படும் விவிலியத்தின் ஓசையில் வேப்பேரிப் போதகரின் குரல் இன்னும் கலந்திருக்கிறது. படிப்போரில் பலர் அவர் பெயரை அறியார்.

அகராதியும் அவ்வாறே வளர்ந்தது. வின்சுலோவும், 1924 முதல் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் தமக்கு முன் உழைத்தோரின் தோள்மீது ஏறி நின்றவையே. அவ்வரிசையில் பப்ரிசியஸின் இடம் நிலையானது.

நிறைவாக

பப்ரிசியஸின் வாழ்வில் நாம் காண்பவை மூன்று. முதலாவது, மொழிக்குச் செய்யும் பெருந்தொண்டு பெரும்பாலும் அன்றாடப் பணியின் தேவையிலிருந்தே பிறக்கிறது. புகழை நாடிப் பிறப்பதில்லை. இரண்டாவது, பிற மொழியினர் ஒருவர் நம் மொழியில் நிலைபெற வேண்டுமாயின் நம் எளிய மக்களின் வாய்மொழிக்குச் செவிகொடுக்க வேண்டும். நம் மொழியினர்க்கும் இவ்விதி பொருந்தும். மூன்றாவது, ஒருவருடைய வீழ்ச்சி அவருடைய தொண்டை அழிப்பதில்லை. அத்தொண்டும் வீழ்ச்சியை இல்லையென்று ஆக்குவதில்லை. இரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொள்ளும் பக்குவம் வரலாறு எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் வேண்டும்.

பத்தாண்டுகள் தமிழ்ப்பணியாற்றி மலர் வெளியிடும் இலக்கிய வட்டத்தின் அன்பர்கள், வேப்பேரி வழியே செல்லும்போது அந்த ஆலய வளாகத்தைச் சற்று நின்று நோக்குவார்களாக. அவரிடம் பணம் கொடுத்தவர்கள் பெற வேண்டியதைப் பெறாமலே போயினர். அக்கடன் தீர்க்கப்படாமலே நிற்கிறது. தமிழிடம் அவர் கடனாகப் பெற்ற சொற்களையோ இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் திருப்பிச் செலுத்திக்கொண்டே இருக்கிறார். அவ்விரு கணக்குகளையும் சேர்த்துப் படிப்பதே அவரை அறிவதாகும்.